வெட்டிய நாலு விநாடி

மூத்த மகன் பேச்சை நிறுத்திய நேரமும் நடுப்பிள்ளை பேச்சை நிறுத்திய நேரமும் ஒன்றாக இருந்தன. நாலு விநாடி, பதினோரு பிரேம். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம் ஓடும் படத்தில், வெவ்வேறு நாளில் வெவ்வேறு வாயில் விழுந்த இரண்டு மௌனங்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்து அவள் முதலில் சிரித்துக்கொண்டாள். அண்ணன் தம்பிதானே, மூச்சும் ஒரே அளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு கடைசியாகப் பிறந்த தங்கையின் பேட்டியைத் திறந்து, அவள் நிறுத்திய இடத்தைத் தேடிப் பிடித்து அளந்தாள்.

நாலு விநாடி, பதினோரு பிரேம்.

பத்தொன்பது வருஷமாகப் படம் வெட்டி ஒட்டுகிறவள். தொழில்காரர்கள் மத்தியில் அவளுக்குக் கத்தரி என்று பேர்; பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு நின்றுபோயிற்று. பேசுகிறவர்களின் இருமல், செருமல், ‘வந்து’, ‘அதாவது’, இழுத்து விடுகிற மூச்சு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தெறிந்துவிட்டு, திக்கித் திணறுகிறவரை மடை திறந்தாற்போல் பேச வைத்துவிடுவாள். அவள் வெட்டிக் கொடுத்ததைப் பார்த்த ஒரு பெரிய மனிதர், தாம் மேடையில் உண்மையிலேயே அப்படித்தான் பேசினோம் என்று நம்பி, அடுத்த கூட்டத்துக்குக் காகிதம் இல்லாமல் போய் அவமானப்பட்டுத் திரும்பினார். பக்கத்து அறை ஒலிக்காரர் சாப்பாட்டு நேரத்தில் மாதம் ஒரு தடவையாவது இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்கமாட்டார்.

அவள் அறை இரண்டாம் மாடியில். வெளிச்சம் திரையில் விழுந்தால் நிறம் தப்பும் என்பதால் சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தாள். கீழே தெருவில் பதினொரு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. ஜெராக்ஸ் கடையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் துணியைத் தாண்டி உள்ளே வரும்போது தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் மங்கி, ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டும் நீரோடும், கணினி விசிறியின் முனகலோடும், சூடேறிய பிளாஸ்டிக்கும் ஆறிப்போன தேநீரும் கலந்த அந்த அறையின் நிரந்தர வாசனையோடும் கலந்து ஒன்றாகிப் போயிருந்தது.

வேலை சின்ன வேலைதான். போன வருஷம் இறந்துபோன ஓர் அம்மாவைப் பற்றி அவருடைய மூன்று பிள்ளைகளும் பேசுகிற இருபது நிமிடப் படம். வருஷம் முடிகிற நாளில் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி வைத்து, அம்மா வாழ்ந்த வீட்டிலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்று மூத்தவர் கேட்டிருந்தார். அந்த வீட்டின் முன்னறை, சன்னலோரம் ஒரு மர நாற்காலி, அதில் நாளுக்கு ஒருவராக மூன்று நாள் பேட்டி. கேமராக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று மௌனங்களையும் வெட்டி எடுத்தாள். வெட்டியதை அவள் உடனே அழிப்பதில்லை. ‘மிச்சம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள், அதில் போட்டாள். போட்ட பிறகுதான் மௌனத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

மூத்தவர் சொன்னது: “ஒரு தடவை மூணு நாள் எங்களுக்குச் சோறு…” மௌனம். “…சோறு ஊட்டி விட்டாங்க, அவங்க கையாலயே. எனக்கு அம்மை போட்டிருந்தப்போ.”

நடுப்பிள்ளை சொன்னது: “மாடி ரூம்ல எங்களைப் போட்டு…” மௌனம். “…போட்டுத் தூங்க வெப்பாங்க. பாட்டுப் பாடி.”

கடைசிப் பெண் சொன்னது: “கதவை வெளிய இருந்து…” மௌனம். “…வெளிய இருந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. நாங்க தூங்குற வரைக்கும்.”

கத்தரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். காது வேர்த்திருந்தது. மனிதர்கள் பேச்சில் தடம் மாறுவது அவளுக்குப் புதிதில்லை. அந்த மாற்றத்தை ஒட்டித் தைப்பதுதான் அவள் பிழைப்பே. ஆனால் மூன்று பேரும் ஒரு வாக்கியத்தில் புறப்பட்டு வேறொரு வாக்கியத்தில் போய் இறங்கியிருந்தார்கள். நடுவில் யாரோ கையைப் பிடித்துத் திருப்பிவிட்டதுபோல்.

‘மிச்சம்’ ஃபோல்டரைத் திறந்து, மூன்று துண்டுகளையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டாள்.

மூன்று ஜோடிக் கண்கள். மூன்றும் திரையின் இடது ஓரத்துக்கு அப்பால் ஓரிடத்தில் தொடங்கின. அந்தப் பக்கம் வாசற்கதவு என்று அவளுக்குத் தெரியும், கேமராக்காரர் அறையையும் ஒரு ஷாட் எடுத்து வைத்திருந்தார். அங்கிருந்து மூன்றும் ஒரே வேகத்தில் நகர்ந்தன. சட்டென்று தாவவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தன, நடந்து வருகிற ஒருவரின் முகத்தைப் பார்க்கும்போது கண் எப்படி வழுக்குமோ அப்படி. கேமராவின் வலப்பக்கம், சற்று மேலே வந்து நின்றன. மூன்று பேரும் இமைக்கவில்லை. பிறகு மூன்று வாய்களும் சேர்ந்தாற்போல் சிரித்து, சேர்ந்தாற்போல் பேசத் தொடங்கின.

இந்தத் தொழிலில் முதல் மாதமே படிக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒருவர் ஓரிடத்தை உற்றுப் பார்த்தால், அவர் பார்த்தது என்ன என்று அடுத்த ஷாட்டில் காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் பார்ப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். அவளுடைய விரல் தன்போக்கில் அடுத்த ஷாட்டைத் தேடிற்று. அப்படி ஒரு ஷாட் இல்லை.

கேமராக்காரருக்குப் போன் போட்டாள்.

“உன் பின்னாடி யாராவது நின்னாங்களாப்பா, பேட்டி எடுக்குறப்போ?”

“பின்னாடி எங்கக்கா நிக்கிறது? செவுரு. எனக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம்.” பின்னணியில் யாரோ விளக்கை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். “ஏன், ஏதாவது ரிஃப்ளெக்‌ஷன் விழுந்திருக்கா?”

“இல்ல. மூணாம் நாள் ஷாட் ரொம்பக் கிட்ட இருக்கே, அதான் கேட்டேன். முதல் நாள் முழங்கால் தெரியுது. மூணாம் நாள் நெஞ்சுக்கு வந்துட்ட.”

“ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிப் போட்டேன்.”

“ஏன்?”

“முதுகுல இடிக்கிற மாதிரியே இருந்துச்சு.”

“எது?”

“செவுருதான்க்கா. வேற எது இடிக்கும்?” என்றவர், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். யாரும் கூப்பிட்டதாகக் கேட்கவில்லை.

அன்று ஐந்து மணிக்கே அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் ஒரு நிலையில் இருக்க முடியவில்லை. துவைத்த துணியை மடித்தாள், மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். மகள் ஹோம்வொர்க்கில் ஏதோ கேட்டதற்கு எதையோ சொன்னாள். மறுநாள் காலையில் கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “இன்னைக்கு நான் வர…” என்று தொடங்கி நிறுத்தி, அவள் தோளுக்கு மேலே பார்த்தார். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“என்னடி? மணி பாத்தேன்” என்றார் அவர். “நீ வெட்டுறதுக்குத்தான் பேசுறப்பவே இடைவெளி விட்டுக் குடுக்குறேன், அதுக்கு இப்படியா?”

மகள் சிரித்தாள். அவளும் சிரித்துவைத்தாள். சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கரண்டியை எடுத்தாள்.

அறைக்கு வந்ததும் முதல் காரியமாக ஒலிக்காரரைக் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டே எந்த ஊர் மழை என்று சொல்வார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பேட்டி எடுக்கிற இடத்தில் எல்லாரையும் வாய் மூடச் சொல்லி, அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்து வைப்பது வழக்கம்; வெட்டின இடத்தில் ஓட்டை விழுந்தால் அதை வைத்து அடைக்கலாம். அந்த அரை நிமிடத்தை அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை கேட்டார்.

“எத்தனை பேர்ம்மா இருந்தாங்க ரூம்ல?”

“கேமராக்காரர், பேசுறவர். ரெண்டு பேர்.”

“மூணு.”

“சும்மா விளையாடாதீங்கண்ணா.”

“ஆள் இல்லாத ரூம் கொஞ்சம் கணீர்னு இருக்கும். ஆள் நிக்க நிக்க அந்தக் கணீர் கொறையும். உடம்பு சத்தத்தைக் குடிக்கும்மா. நாப்பது வருஷமா இதைத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்.” ஹெட்போனைக் கழற்றி, அது ஏதோ சூடான பண்டம் மாதிரி இரண்டு விரலால் பிடித்து மேசையில் வைத்தார். “ஆனா ஒண்ணு. அந்த மூணாவது ஆள் மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்கல.”

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. பக்கத்து அறைக் கதவை உள்ளே தாழிடும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கதவைத் தாழிட்டு அவள் கேட்டதில்லை.

மேசை வாசலுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருந்தது. பத்தொன்பது வருஷமாக உறுத்தாதது அன்று உறுத்திற்று. மேசையைத் திருப்பலாம் என்றால் ஒயர் எட்டாது. நாற்காலியை மட்டும் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்து வேலை செய்தாள். கழுத்து வலித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்தாள். வாளியில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று பார்த்தாள். நிறையவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தாள். வேலை ஓரடி நகரவில்லை.

இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கடைசிப் பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திரையில் பார்த்துப் பார்த்து அவளுடைய ஒவ்வொரு இமையடிப்பும் கத்தரிக்குப் பழகிப்போயிருந்தது. ஆளை நேரில் பார்த்தபோது ஒல்லியாக, குளித்த தலை சரியாகக் காயாமல், வெயிலில் வேகமாக நடந்து வந்த மூச்சோடு இருந்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லாம வந்தேன்க்கா.”

“உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?”

“வேணாம். நான் ரொம்ப நேரம் இருக்க மாட்டேன்.” உட்காரவும் இல்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். “நாங்க நடுவுல பேச்சை நிறுத்தியிருப்போமே. பாத்திருப்பீங்க.”

“பாத்தேன்.”

“வெட்டிட்டீங்களா?”

“எடுத்துத் தனியா வெச்சிருக்கேன்.”

“வெட்டாதீங்கக்கா. திரும்பச் சேத்துடுங்க.” குரல் இறங்கிற்று. “மூணு பேரும் சொல்லிடணும்னுதான் உக்காந்தோம். மூத்த அண்ணன்கூட. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியல. அந்த நிறுத்துன இடமாவது படத்துல இருந்தா, பாக்குறவங்க யாராவது ஒருத்தர் ஏன் நிறுத்துனாங்கன்னு கேப்பாங்க. ஒருத்தர் கேட்டாப் போதும். இத்தனை வருஷத்துல எங்களை ஒருத்தரும் கேட்டதில்லைக்கா.”

அன்று இவர்கள் இருந்த வயசில் தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்ற நினைப்பு கத்தரிக்கு வந்தது. “என்ன நடந்துச்சும்மா அந்த மாடி ரூம்ல?” என்று கேட்டாள்.

“சொல்றேன். எங்க அம்மா எங்களை…”

நின்றுவிட்டாள்.

கண்கள் கத்தரியின் முகத்திலிருந்து கழன்று வாசலுக்குப் போயின. கதவு சாத்தித்தான் இருந்தது. அங்கிருந்து மெல்லப் புறப்பட்டன. சுவரோரமாக வந்தன. ஒயர்களை மிதிக்காமல் சுற்றி வருகிறாற்போல் ஓரிடத்தில் சற்று வளைந்தன. வாளியைத் தாண்டின. கத்தரியின் வலது தோளுக்கு மேலே வந்து நின்றன.

கத்தரி எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை. அவள் உடம்புக்கே அந்த அளவு தெரிந்திருந்தது.

கடைசிப் பெண் சிரித்தாள். “…எங்களைத் தங்கமாப் பாத்துக்கிட்டாங்க. அந்த இடத்தையெல்லாம் வெட்டிடுங்கக்கா. நல்லா வெட்டிடுங்க. தெரியவே கூடாது.”

கண்ணில் நீர் தளும்பி நின்றது. சிரிப்பு மாறவில்லை. பின்னாலேயே நடந்து போய், கையைப் பின்னால் விட்டுத் தடவிக் கதவைத் திறந்து, கடைசிவரை முதுகு காட்டாமலே வெளியேறினாள்.

கத்தரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். சுவர்தான் இருந்திருக்கும். அந்தச் சுவரில் தானே ஒட்டிய கால அட்டவணை இருக்கும், போன மாதத்துக் காலண்டர் இருக்கும். இருந்தும் கழுத்து மறுத்தது. நாற்காலியை மெதுவாகத் திரைப் பக்கம் திருப்பினாள். கையைச் சுட்டியில் வைத்தாள். வெட்டினாள்.

அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. ‘சோறு’ என்ற சொல்லின் கடைசி ஒலியையும் அடுத்த ‘சோறு’வின் முதல் ஒலியையும் மயிரிழை தெரியாமல் இணைத்தாள். வெட்டிய இடத்தில் முகம் தாவுவதை மறைக்க, அம்மா இடுப்பில் கையூன்றிச் சிரித்துக்கொண்டிருக்கும் பழைய புகைப்படம் ஒன்றை மேலே போட்டாள். மாடி அறைக்கு ஒன்று. கதவுக்கு ஒன்று. ‘மிச்சம்’ ஃபோல்டரைத் திறந்து மூன்று துண்டுகளையும் அழித்தாள். அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றாள். வலது தோளுக்குப் பின்னால் ஏசிக் காற்று படுகிற இடத்தில் காற்று படவில்லை. அதை அவள் கவனிக்காததுபோல் இருந்தாள். ஒன்பது வயதுக் குழந்தை போர்வைக்குள் எப்படி இருக்குமோ அப்படி.

மறுநாள் மூத்தவர் வந்து பார்த்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, தேய்த்த சட்டை. இருபது நிமிடமும் கைகளை முழங்கால்மேல் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

“ஒரு எடத்துலகூட நிக்கலையேம்மா. மடமடன்னு பேசுறோம்.”

“ஆமா சார்.”

“நல்லாருக்கு.” சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு. நீங்க வந்து போட்டுக் குடுக்கணும்.”

“பென்டிரைவ்ல தந்துடுறேன் சார், டி.வி.யில சொருகினா அதுவே ஓடும். நான் எதுக்கு?”

“இல்லம்மா, நீங்க வரணும். அம்மா சொன்…” நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க, அதைச் செஞ்சவங்களைக் கூப்பிடுன்னு.”

வர முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மூத்தவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிறாற்போல்.

“வர்றேன் சார்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டாள், ஜுரம் என்றார். ஒலிக்காரர் போனையே எடுக்கவில்லை. கணவரிடம் சொன்னால் கூட வருவார்தான். ஆனால் அவர் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து எதையாவது பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு காலையில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாது. தனியாகப் போனாள்.

முன்னறையில் முப்பது பேர் இருந்தார்கள். பெரியப்பா, சித்தப்பா, மருமகள்கள், பேரன் பேத்திகள். தரையெல்லாம் பாய். விசிறி சுழன்றது. சன்னல் வழியே மூன்று மணி வெயில் பளீரென்று விழுந்து, குழந்தைகளின் தலையில் எண்ணெய் மின்னியது. யாரோ யாரையோ கேலி செய்தார்கள், நாலு பேர் சிரித்தார்கள். இத்தனை வெளிச்சத்தில், இத்தனை சனத்துக்கு நடுவில், நாலு நாளாகத் தான் பட்ட பாடு அவளுக்கே அசட்டுத்தனமாகத் தோன்றிற்று. தோள் கொஞ்சம் தளர்ந்தது.

டி.வி. சன்னல் பக்கம் இருந்தது, மர நாற்காலி இருந்த இடத்தில். அவள் லேப்டாப்பை அதோடு இணைத்துவிட்டு, நீளமான ஒயரோடு கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். படம் போட்டுக் காட்டுகிறபோது அவள் திரையைப் பார்ப்பதில்லை. எந்தப் படத்தொகுப்பாளரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே அழுகிறார்கள் என்பதில்தான் வெட்டினது சரியா தப்பா என்று தெரியும். பின்னால் நின்றால் முதுகுகள்தான் தெரிந்தன. ஆனால் பிள்ளைகள் மூன்று பேரும் டி.வி.க்கு இரு பக்கமும், கூட்டத்தைப் பார்த்தபடி, விருந்தாளிகளை உபசரிக்கிறவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் தெரிந்தது.

படம் தொடங்கிற்று. அம்மாவின் படம். இசை. மூத்தவரின் குரல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் நிற்கிற இடம். டி.வி. நாற்காலியின் இடத்தில். தான் அதற்கு நேர் எதிரே. இடப்பக்கம் வாசல். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்.

நகர நினைத்தாள். ஒயர் இழுத்தது. அதோடு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் நகர்ந்தால் என்ன நினைப்பார்கள்.

“ஒரு தடவை மூணு நாள் எங்களுக்குச் சோறு ஊட்டி விட்டாங்க” என்று திரையில் மூத்தவர் சொன்னார். துளி தடுமாற்றமில்லை. கூட்டத்தில் ஓர் அத்தை மூக்கை உறிஞ்சினாள். டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜ மூத்தவரின் கண்கள் வாசலுக்குப் போயின.

“மாடி ரூம்ல எங்களைப் போட்டுத் தூங்க வெப்பாங்க.”

நடுப்பிள்ளையின் கண்களும்.

“கதவை வெளிய இருந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

கடைசிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாரோ மோவாயைத் தொட்டுத் தூக்கினாற்போல் நிமிர்ந்தாள்.

படம் முடிந்தது. திரை கறுத்தது. யாரும் அசையவில்லை. விசிறி மட்டும்.

ஓர் ஆள் வந்து நின்றாற்போல் அறையின் ஓசை மந்தமாயிற்று.

முன்வரிசையில் ஒரு தலை திரும்பிற்று. வாசலைப் பார்த்தது. அப்புறம் அடுத்த வரிசை. பெரியப்பா. அத்தை. மருமகள்கள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேரன் எழுந்து உட்கார்ந்து, அவனும் அங்கேயே பார்த்தான். முப்பது முகம். முப்பதும் சேர்ந்து நகர்ந்தன. வாசலிலிருந்து. சுவரோரமாக. மெதுவாக. பாயில் நீட்டியிருந்த கால்களை ஒருவர்பின் ஒருவராக மடக்கிக்கொண்டார்கள். வழி விட்டார்கள்.

அவளை நோக்கி.

வலது தோளுக்கு மேலே வந்து நின்றன.

முதுகில் சுவரின் குளிர்ச்சி படவேண்டிய இடம். குளிர்ச்சி படவில்லை.

கடைசிப் பெண் கூட்டத்துக்கு அப்பாலிருந்து அவளைப் பார்த்துத் தலையை மிக லேசாக ஆட்டினாள். வேண்டாம். திரும்பாதீங்க.

மூத்தவர் கைதட்டத் தொடங்கினார்.

நடுப்பிள்ளை தட்டினார். கடைசிப் பெண் தட்டினாள். அறை முழுக்கத் தட்டிற்று. எல்லா முகத்திலும் சிரிப்பு. கண்ணில் மட்டும் அது இல்லை. கத்தரியும் தட்டினாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை தன்னால் போயிற்று. தட்டாமல் நின்ற முதல் ஆளாக இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

கைதட்டல் ஓயவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. சத்தம் ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல். அத்தையின் உள்ளங்கை சிவந்துவிட்டது. மடியில் இருந்த பேரன் சத்தம் வராமல் அழுதுகொண்டே தட்டினான். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று யாரும் பக்கத்தில் பார்க்கக்கூட இல்லை.

பிறகு அந்தக் கண்கள் இறங்கின.

அவள் தோளுக்கு மேலிருந்து. மெல்ல. எல்லாம் ஒன்றாக. கழுத்தோரமாக, காதோரமாக வழுக்கி, அவள் முகத்தின் மேல் வந்து நின்றன. அவள் கண்ணுக்குள்ளேயே பார்த்தன.

அவளுடைய கைகள் எப்போது நின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. அவை இரண்டும் இடுப்பில் ஊன்றியிருந்தன. அவள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. வாய் ஓரங்கள் இழுபட்டு விரிவதை உணர்ந்தாள்.

எதிரே முப்பது பேர். குழந்தைகள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தபடி தட்டிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்று அவள் சொல்வதற்காக.